அளக்க விடாத துண்டு

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே பிள்ளைகள் கயிற்றோடு இறங்கியதை முதலில் கண்டவள் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். சீருடையைக்கூட மாற்றாமல் ஏழெட்டுப் பேர். கையில் நீல நிற நைலோன் கயிறு, அதில் இடைவெளி விட்டு விட்டுச் சிவப்புத் துணி முடிச்சுகள். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருத்தருடைய போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே நின்றது, தரம் எட்டில் படிக்கிற என் மகள்.

தோட்டத்தில் கயிறோ நாடாவோ பிடித்துக்கொண்டு யாராவது நடந்தால் என் கண் அவர்கள் பின்னாலேயே போகும். அப்படி நடந்தவர்கள் வெறுமனே திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. கீழ் டிவிஷனில் ஒருமுறை இப்படித்தான் இரண்டு பேர் வந்து மாட்டுக் கொட்டில்களை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். சும்மா ஒரு கணக்குக்கு என்றார்களாம். கொஞ்ச நாளில் கொட்டில் இருந்த இடத்தில் தேயிலைக் கன்று நின்றது. மாடுகளை வந்த விலைக்கு டிக்கோயாவில் விற்றார்கள்.

எங்கள் லயத்துக்கு முன்னால் கல் கட்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே தேயிலை தொடங்குகிற இடம் வரைக்கும் ஒரு சரிவு. ஒரு பக்கம் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலி, மறு பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். இந்தப் பீலிக்கும் கானுக்கும் நடுவில் ஒரு வீட்டுக்கு, அதாவது காம்பராவுக்கு, ஒரு துண்டாகப் பிரித்து மரக்கறி போட்டிருக்கிறோம். மேலே கல் கட்டு, கீழே தேயிலை என்பதால் எல்லாத் துண்டுக்கும் நீளம் ஒன்றுதான். அகலம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. யாரிடமும் ஒரு கடதாசித் துண்டும் கிடையாது. நிலம் தோட்டத்துடையது. மானாப்புல் மண்டிக் கிடந்ததை எங்கள் ஆட்கள் வெட்டித் துப்புரவாக்கினார்கள், தோட்டம் கண்டும் காணாமல் இருந்தது. அவ்வளவுதான் எங்கள் உரிமை.

எனக்கு முழங்கால் போன பிறகு நான் கொழுந்து எடுக்கப் போவதில்லை. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அவர் அனுப்புவது ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அந்தத் துண்டில் விளைகிற போஞ்சியும் லீக்ஸும்தான் எங்களை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அது போனால் நான் இந்தக் காலோடு மறுபடியும் காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கவேண்டும். ஆகவே அந்தத் துண்டு யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

மகளைக் கூப்பிட்டேன்.

"என்னடி செய்யிற அங்க?"

"அளக்குறோம்மா. கணக்கு சேர் சொன்னாரு. பரப்பளவு."

"யாரோடதை?"

"எல்லாரோடதையும். அடுத்தது நம்மளோடதுதான்."

"நம்மளோடது வேணாம்."

"எல்லாரும் விட்டாங்கம்மா. சேர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"அம்மா காய்ச்சல்ல படுத்திருக்குன்னு சொல்லு."

"நீங்க படுத்திருந்தா துண்டை அளக்க முடியாதா?"

அந்த வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு வாய் ஆகாது. ஆனாலும் நான் கல் கட்டில் இருந்து இறங்காமல் நின்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றை அடுத்த பிள்ளையிடம் கொடுத்தாள். கயிறு எங்கள் துண்டைத் தாண்டி, கான் ஓரத்துத் துண்டுக்குப் போனது. அது எங்கள் தோட்டத் தலைவருடைய துண்டு. தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். அவர் வேலி ஓரம் நின்று, "நல்லா இழுத்துப் புடிங்கடா, தொளதொளன்னு புடிச்சா அளவு பிழையாப் போயிரும்" என்று பிள்ளைகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பிள்ளைகள் எல்லோருமாகக் கல் கட்டு ஓரமாகவே பீலியில் இருந்து கான் வரைக்கும் முழுச் சரிவையும் ஒரு தடவை அளந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான். நாங்கள் படித்த பரப்பளவு கரும்பலகையில் ஒரு பெட்டி. நீளம் பெருக்கல் அகலம் என்று சேர்ந்து கத்துவோம். எதனுடைய நீளம், எதனுடைய அகலம் என்று டீச்சரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. பிள்ளைகள் 'சேர்' என்று கூப்பிடுகிற இந்தப் புது வாத்தியார் எதற்காகப் பெட்டியைக் கரும்பலகையில் இருந்து இறக்கி எங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவர் ஹட்டன் டவுனில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர்களின் மகன். ஒல்லியான ஆள், மோட்டார் சைக்கிளில் வருவார். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவேண்டும்? வந்தாலும் பாடத்தை நடத்திவிட்டுப் போகாமல், எந்தத் துண்டில் எவ்வளவு விளையும் என்று ஏன் பார்க்கவேண்டும்? மரக்கறி ஏற்ற அவர்களுக்கு லொறியும் இருக்கிறது. அன்றைக்குப் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது இதைச் சொன்னேன். பக்கத்துக் காம்பரா அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தாள்.

"போ தங்கச்சி. ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு பூதம் தெரியும். இது வேற. காணி குடுக்கப் போறாங்க."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அளக்காம குடுப்பாங்களா? நேரா ஆபீசு ஆளுங்க வந்தா சண்டை வரும்னுதான் புள்ளைங்கள விட்டு அளக்குறாங்க. யாரு எவ்வளவு வச்சிருக்காங்களோ அதை அப்படியே எழுதிக் குடுத்துருவாங்களாம்."

நான் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்தேன். அவள் கொடுக்கப் போகிறார்கள் என்று நம்பினாள். சும்மா அளந்திருப்பார்கள் என்று மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. லயத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போஞ்சி பறிக்க இறங்கினேன். என்னுடைய முதல் வரிசைப் போஞ்சிக் கம்புகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றன. வேலி என்றால் தேயிலைக் குச்சியும் பழைய தகரமும் சேர்த்துக் கட்டியதுதான், ஆனால் நேற்று வரைக்கும் அது கம்புகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அக்கா தன் பாத்தியில் குனிந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேலி எடம் மாறுன மாதிரி இருக்கே."

"சரிஞ்சு கெடந்துச்சும்மா. நிமித்தி வச்சேன்."

"நிமித்துனா ஏன் இந்தப் பக்கம் வருது?"

"மண்ணு எளகிக் கெடக்குல்ல. நான் என்ன செய்ய?"

"அப்ப அந்த வரிசைப் போஞ்சி யாரோடது?"

"ஒன்னோடதுதான், யாரு இல்லேன்னா. நீ வந்து பறிச்சுக்க. நான் என்ன, காவலா வச்சிருக்கேன்?"

என் வேலிக்குள் இருந்ததை இனி அவளிடம் கேட்டுப் பறிக்கவேண்டும். மறுபக்கம் திரும்பினால் தலைவரின் வேலியும் என் லீக்ஸ் பாத்தியில் ஒரு கால் வைத்திருந்தது. லயம் முழுக்க இப்படித்தான். யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டவில்லை. எல்லோருடைய வேலியும் ஒரே நேரத்தில் சரிந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்திருந்தது. பீலிக்குப் போகிற நடைபாதையில் இரண்டு குடம் சேர்ந்து போகமுடியாது என்கிற நிலைமை. நான் மட்டும் என் வேலியைத் தொடவில்லை. நல்ல குணத்தினால் அல்ல. தொட்டால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள் என்ற பயம்.

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கடையில் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது.

"ஒனக்கு வேற வேலையே இல்லையா? புள்ளைங்க படிக்குதுங்க."

"படிக்கிறதுக்குத் தமிழ் புஸ்தகம் இருக்கு, கணக்குப் புஸ்தகம் இருக்கு. நம்ம லீக்ஸ் பாத்தி எதுக்கு?"

"சரி, சரி. யாரும் புடுங்க வந்தா சொல்லு, நான் வாரேன்."

ஹட்டனுக்கு அவர் பஸ் ஏறி வருவதற்குள் பிடுங்கி, நட்டு, தண்ணீரும் ஊற்றிவிடுவார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சேர் பிள்ளைகளை இன்னொரு தடவை அளக்க அனுப்பினார். அளவு எடுத்தால் சரிபார்க்கவேண்டுமாம், அதுவும் பாடமாம். மகள் திரும்பி வந்து புத்தகப் பையை வைத்துவிட்டு அழுதாள்.

"எல்லாருக்கும் பிழை போட்டுட்டாரும்மா. மொத நாள் ஒரு அளவு, இன்னைக்கு ஒரு அளவு. எல்லாரோட துண்டும் பெருசாயிருச்சு. கயிறைச் சரியாப் புடிக்கலன்னு சொல்றாரு. நாங்க சரியாத்தான் புடிச்சோம்."

"நீ என்ன சொன்ன?"

"வேலிதான் நடக்குதுன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சிருச்சு. சேர் சிரிக்கல. ஏன் நடக்குதுன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவது?

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். வேலி விஷயமாக அதிபரிடம் யாரோ போய் முறையிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் சரிவுதான். மேலே கல் கட்டு, கீழே தேயிலை, பீலி, கான், நடுவில் பெட்டி பெட்டியாகத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் முதல் நாள் அளவு பச்சை மையில் எழுதியிருந்தது. அக்காவுடைய பெட்டிக்கும் தலைவருடைய பெட்டிக்கும் நடுவில் ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குப் பட்டது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"புஸ்தகத்துல விளையாட்டு மைதானத்தோட பரப்பளவைக் காணச் சொல்லியிருக்காங்க. நம்ம புள்ளைங்க நிறைய பேரு ஒரு பெரிய மைதானத்துல நின்னதே இல்லை. சூத்திரத்தை ஒப்பிக்கிறாங்க, ஆனா அந்த விடை எவ்வளவு பெருசுன்னு காட்டச் சொன்னா தெரியல. அதனாலதான் தெரிஞ்ச எடத்தை அளக்கச் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப மைதானத்தையே போய் அளந்திருக்கலாமே சேர்" என்றார் தலைவர். "நாங்க அதுல ஒண்ணும் நடலியே."

எல்லோரும் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். எனக்கு அவர் சிரித்ததும் பிடிக்கவில்லை. நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், முன் வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் படத்தை யாரு கேட்டாங்க சேர்?"

"யாரும் கேக்கலீங்கம்மா. புள்ளைங்க வரைஞ்சது."

"யாரும் கேக்காம யாராவது இவ்வளவு வேலை செய்வாங்களா?"

அதிபர் தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில்தான் அக்கா பின் வாங்கில் இருந்து கேட்டாள்.

"சேர், எலக்சனுக்கு எலக்சன் ஏழு பேர்ச்சஸ் காணி, ஏழு பேர்ச்சஸ் காணின்றாங்களே. ஏழு பேர்ச்சஸ்னா எவ்வளவு இருக்கும்?"

நான் சிறுமியாக இருந்தபோதே மேடையில் காணி என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர்ச்சஸ் என்பது மேடைக்கு மேடை மாறும். அது எவ்வளவு பெரிசு என்று எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

சேர் பிள்ளைகளைப் பார்த்தார். "காட்டுறீங்களா?" என்றார். என் மகளும் இன்னும் மூன்று பேரும் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். கொடிக்கம்பத்தில் ஒரு மூலை, கழிப்பறைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு மூலை. பதின்மூன்று மீற்றரும் கொஞ்சமும் ஒரு பக்கம், அதே அளவு மறுபக்கம். மூலைக்கு ஒரு பிள்ளை நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தது.

நாங்கள் சுற்றி நின்றோம். கயிற்றைத் தாண்டி யாரும் முதலில் உள்ளே கால் வைக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.

"இவ்வளவும் ஒருத்தருக்கா?" என்றது இன்னொரு குரல்.

"ஓட்டுப் போடுறப்ப இதைவிடப் பெருசாத் தெரிஞ்சிச்சு" என்றார் தலைவர். அவரே ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவர் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அக்கா மெதுவாகக் கயிற்றைத் தாண்டி நடுவில் போய் நின்றாள். "இங்கன ஊடு. இங்கன அடுப்படி. அந்த மூலையில கக்கூஸ். மிச்சத்துல நாலு பாத்தி கோவா போடலாம்" என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். எனக்கும் அந்த அடுப்படி கண்ணில் தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே, இதை இவர் ஏன் எங்களுக்குக் காட்டுகிறார் என்ற நினைப்பும் வந்துவிட்டது.

சேர் காட்டியது பேர்ச்சஸின் அளவு. லயத்துக்கு வந்து சேர்ந்தது வேறு செய்தி. பள்ளிக்கூடத்திலேயே காணியை அளந்து காட்டிவிட்டார்கள், இனி கொடுப்பது மட்டும்தான் பாக்கி என்றார்கள். அந்தச் சனி ஞாயிறில் வேலிகள் நடக்கவில்லை, ஓடின. அக்காவின் வேலி என் இரண்டாவது போஞ்சி வரிசையையும் தாண்டியது. தலைவர் ஒரு பக்கம் என் லீக்ஸுக்குள் வந்தார், மறுபக்கம் கானுக்குள்ளேயே கம்பு நட்டுவிட்டார். தண்ணீர் போக வழி விட்டிருக்கிறேன் என்றார். அவர் விட்ட வழியில் ஒரு தவளை போகலாம்.

புதன்கிழமை மழை பிடித்தது. கான் அடைத்துக்கொண்டு தண்ணீர் சரிவில் ஏறி, கீழே தேயிலைக்குள் மண்ணோடு இறங்கியது. தேயிலைக்கு ஒன்று என்றால் தோட்டத்துக்கு உடனே கண் திறந்துவிடும். மறுநாள் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து கல் கட்டின் மேல் நின்றார். எங்கள் மலை வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர். இத்தனை வருஷமாக அந்தச் சரிவைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்துப் போனவர், அன்றைக்கு ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்.

"என்ன இது? கானுக்குள்ள யாரு வேலி போட்டது?"

தலைவர் ஆட்களுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள எல்லா வேலியும் பழைய எடத்துக்குப் போகணும். இல்லேன்னா மொத்தத்தையும் புடுங்கிட்டுத் தேயிலைக் கன்னு போட்டுருவோம். தொரைகிட்டப் பேசிட்டேன்."

எதற்குப் பயந்தேனோ அதையே அவர் வாயால் கேட்டேன். கன்று போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போடாமல் விட்டதை நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லோரும் சரிவில் கூடினோம். பழைய இடம் என்றால் எது? ஆளுக்கு ஒரு பழைய இடம் சொன்னார்கள். கூச்சல் ஏறியபோது யாரோ ஒரு பொம்பளை சொன்னாள், "மொத நாளு அளந்தது பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்குல்ல? அப்ப ஒருத்தரும் வேலியத் தொடலியே." அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். சேரும் கூடவே வந்து ஒதுங்கி நின்றார். பீலிப் பக்கத்தில் இருந்து தொடங்கினார்கள். பச்சை எழுத்தைப் பார்த்துக் கயிறு பிடித்து, முடிச்சு வந்த இடத்தில் கம்பு. முனகிக்கொண்டாவது ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். அக்காவுடைய துண்டு வந்ததும் நின்றுவிட்டது.

"எனக்குப் போட்டிருக்கிற அளவு சரி" என்றாள் அக்கா. "ஆனா எங்கேருந்து அளக்குறது? எனக்கும் முன்னவங்களுக்கும் நடுவுல நடைபாதை இருந்துச்சு, அது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? இந்தா, தங்கச்சி பக்கம் இப்ப வேலி நிக்கிற எடத்துலருந்து பீலிப் பக்கமா அளந்துக்கங்க."

"அப்ப என்னோடது?" என்றேன்.

"ஒன்னோடது படத்துலயே இல்லியே தங்கச்சி. இல்லாத துண்டுக்கு வேலி எதுக்கு?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்காமல் கானைப் பார்த்தார். அவருக்கும் அது வசதிதான். அளக்க விட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு பச்சை எழுத்து இருந்தது. ஒளித்து வைத்த எனக்கு வெறும் பெட்டி.

மகள் படத்தின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதையோ வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நடைபாதையையும் அளந்தோம். இந்தா எழுதியிருக்கு. பீலிலருந்து கான் வரைக்கும் மொத்தமும் அளந்தோம். எல்லாத்தையும் கூட்டி அதுலருந்து கழிச்சா மிச்சம் நம்மளோடது."

அவள் வெறும் பெட்டியில் பென்சிலால் எழுதினாள். ஒன்பது மீற்றரும் கொஞ்சமும். பிறகு தலைவரைப் பார்த்து, "மாமா, ஒங்க துண்டை கான் கரையிலருந்து இந்தப் பக்கமா அளக்கலாம். அங்க முடியிற எடத்துல நம்ம வேலி" என்றாள்.

நான் சேரைப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

"சரியாத்தான் வருது" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு குளிர்தான் வந்தது. ஒரு முடிச்சுக்கூட என் துண்டின் மேல் விழவில்லை. கல் கட்டில் நின்று தடுத்தேன், காய்ச்சல் என்று பொய் சொல்லச் சொன்னேன். அப்படியும் முதல் நாளில் இருந்தே அது அளந்துதான் கிடந்திருக்கிறது. சுற்றியிருந்தவர்களின் அளவுகள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கின்றன.

தலைவர் கானுக்குள் இருந்த கம்பைத் தானே பிடுங்கினார். அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் தகரத்தைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தோம். என் போஞ்சிக் கம்புகள் இரண்டு வரிசையும் என் பக்கம் வந்தன. வேரில் மிதிபட்டுப் பாதி வாடியிருந்தன.

"கோவமா தங்கச்சி?"

"இல்லக்கா."

"இருந்தாச் சொல்லிரு. நாளைக்குப் பீலியில மூஞ்சியத் திருப்பாத."

சனிக்கிழமை கண்டாக்கு ஐயா வந்தார். வேலிகளைப் பார்த்தார், கானைப் பார்த்தார், பிறகு கல் கட்டில் விரித்திருந்த படத்தைப் பார்த்தார். "பரவாயில்லையே, இப்பத்தான் எல்லாம் வெளங்குது" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அதைப் போட்டோ பிடித்தார். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. துண்டு தப்பித்தது என்று எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் அவர் போனைச் சட்டைப் பையில் வைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது கிட்டப் போனேன்.

"ஐயா, போட்டோ எதுக்குங்க?"

"ஆபீசுல இருக்கட்டும்னுதான். இனிமே யாராவது வேலியத் தள்ளுனா தெரிஞ்சிரும்ல."

"தள்ளுனா தெரியும். யாராவது புடுங்குனாலும் தெரியுமுங்களே ஐயா. பள்ளிக்கூடத்துல இந்தப் படம் இருக்குமே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். கிளம்பிப் போனார். நல்ல பார்வையா கெட்ட பார்வையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் கன்றோடு வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் போனதும் மகளைக் கூப்பிட்டு, இதே மாதிரி இன்னொரு படம் வரைந்து வீட்டில் வைக்கச் சொன்னேன். "நம்ம அளவையும் பச்சை மையிலயே எழுது."

"நம்மளோடதை அளக்கவே இல்லியேம்மா. பென்சில்லதான் இருக்கு."

"அப்ப இப்ப அள."

அவள் என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை ஒரு முனையை நானே பிடித்தேன். காலையில் பெய்த மழையில் கயிறு ஊறிப்போயிருந்தது. முடிச்சுகளை எண்ணிக்கொண்டு அவள் தலைவரின் வேலி வரைக்கும் போனாள். பிறகு திரும்பி நின்று, கழித்தபோது வந்ததைவிடக் கொஞ்சம் குறைகிறது என்றாள். ஒரு கை அகலம் இருக்கும்.

நான் அக்காவின் வேலியைப் பார்த்தேன். தலைவரின் வேலியைப் பார்த்தேன்.

"அது யாரும் எடுக்கலம்மா" என்றாள் மகள். "நைலோன் கயிறு நனைஞ்சா நீளும். நீண்ட கயிறால அளந்தா கொறைச்சுத்தான் காட்டும். சேர் சொல்லியிருக்காரு."

"சேர் சொல்லுவாரு."

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். கயிற்றை வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன்.